கழுத்துத் தகட்டுக்குக் கீழே

பழைய பேஸ் கிற்றார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் மூன்று பேரும் போன கிழமை என்னிடம் கேட்டீர்கள். சிலாபத்தில் கடை திறக்கப் போகிறீர்கள், சந்தோசம். கழுத்து வளைந்திருக்கிறதா, எந்தக் கம்பி இரைகிறது, உள்ளே வயர் விட்டிருக்கிறதா என்பதையெல்லாம் உங்கள் கையிலுள்ள போனே படம் போட்டுக் காட்டும். அதற்காக முந்தல் வரைக்கும் பஸ் ஏறி வந்திருக்க வேண்டியதில்லை. நானும் ஏதோ நாலு வார்த்தை சொல்லி, தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு மனம் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஆளை அனுப்பிவிடுவது எனக்குப் பழைய வியாதி. அது ஒரு தரம் என்ன செய்தது என்பதைத்தான் இதில் எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கடையைத் திறவுங்கள்.

என் கடை பெரிய ரோட்டோரம், ஒரு தையல் கடைக்கும் இறால் தீன் விற்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குப் பயந்து வந்து, கல்யாண வீடுகளில் பேஸ் அடித்துப் பிழைத்தவன் நான். விரல் மூட்டு வீங்கத் தொடங்கியதும் அடிப்பதை விட்டு விற்கத் தொடங்கினேன். இந்தக் கரையில் பேஸ் நன்றாகப் போகும். மாதா கோயில் திருநாள், கல்யாணம், வள்ளம் இறக்கும் நாள் எதுவானாலும் ஆடுவதற்குப் பைலாப் பாட்டு வேண்டும். பேஸ் இல்லாத பைலாவுக்கு யாரும் கால் எடுத்து வைக்கமாட்டார்கள். ஆனால் மேடையில் பேஸ்காரனை ஒருவரும் பார்ப்பதில்லை. பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். நானும் அப்படி நின்றவன்தான்.

பழைய வாத்தியம் எடுக்கும்போது எங்கள் தொழிலில் இரண்டு வழக்கம் இருந்தது. எனக்குக் கடையை விற்றவர் சாவியோடு சேர்த்துச் சொல்லித் தந்தவை அவை. முதலாவது, விற்க வந்தவனை வாசிக்கச் சொல்வது. களவெடுத்தவனுக்குப் பேஸை எப்படிப் பிடிப்பதென்றே தெரியாது. சொந்தக்காரன் கையில் எடுத்ததும் கம்பியைக் கூட்டிக் குறைத்துச் சுதி சேர்ப்பான். அதில் ஆள் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பெயரை அழிப்பது. பேஸின் கழுத்தை உடம்போடு பிடித்திருப்பது பின்பக்கம் ஒரு தகடும் நாலு ஸ்குரூவும். அதைக் கழற்றிக் கழுத்தைத் தூக்கினால் உள்ளே வர்ணம் பூசாத வெறும் மரம் இருக்கும். வாசிக்கிறவர்கள் தங்கள் பெயரை அங்கேதான் எழுதி வைப்பார்கள். வெளியே எழுதினால் மேடைக்கு வடிவில்லை, உள்ளே எழுதினால் தொலைந்தாலும் ஓர் அடையாளம். ஆனால் எங்களிடம் வாங்குகிறவர்கள் கடலுக்குப் போகிற குடும்பங்கள். இன்னொருவன் பெயர் எழுதிய சாமானைத் தொடவே யோசிப்பார்கள். "ஆள் இருக்கோ, இல்லாட்டிச் செத்திட்டாரோ?" என்பதுதான் முதல் கேள்வி. ஆகவே வாங்கிய அன்றைக்கே தகட்டைக் கழற்றி, சேண்ட் பேப்பரால் உரசி, மேலே வார்னிஷ் பூசிவிடுவோம். புத்தளம் தொடக்கம் சிலாபம் வரைக்கும் எல்லாக் கடையும் இதைத்தான் செய்தது. அதில் தப்பிருக்கிறது என்று ஒருவரும் நினைக்கவில்லை.

யுத்தம் முடிந்து மூன்று நாலு வருசம் இருக்கும். அந்த நாட்களில் இந்தக் கரையிலிருந்து இரகசியமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வள்ளங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரு நாள் காலையில் முப்பது வயதிருக்கும் ஒருவர் உறையில் போட்ட பேஸோடு கடைக்கு வந்தார். உடம்பில் நல்ல சேட், சிரித்த முகம், சிலாபப் பக்கத்துத் தமிழ்.

"அங்கிள், பேஸ் ஒண்டு இருக்கு. எடுப்பீங்களா?"

"ஆற்றை பேஸ்?"

"என்டதான். டுபாய் போறேன், அங்க இதுக்கு வேலையில்ல."

வாசிக்கச் சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காதாலேயே சுதி சேர்த்தார். முதலில் ஒரு பைலா ஓட்டம், பிறகு தபசு காலத்தில் மாதா கோயிலில் பாடுகிற ஒரு பாட்டுக்கு மெல்லிய நடை. ஒரு இடத்திலும் விரல் தடுக்கவில்லை. நான் மயங்கிவிட்டேன், உண்மையைச் சொன்னால். இவ்வளவு நன்றாக வாசிக்கிறவன் பொய் சொல்வானா என்று நினைத்தேன். நல்லாய் வாசிப்பதற்கும் நல்ல மனிதனாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அத்தனை வருசம் மேடையில் நின்ற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரசீதில் பெயரும் போன் இலக்கமும் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் பேஸை மேசையில் கவிழ்த்துப் போட்டுத் தகட்டைக் கழற்றினேன். உப்புக் காற்றுப் பட்ட வாத்தியம். நாலு ஸ்குரூவும் துருப்பிடித்திருந்தன. ஆனால் தலைகளில் மட்டும் புதுக் கீறல் மின்னியது. அண்மையில் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். கண் அதைப் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. உள்ளே மூன்று வரி எழுதியிருந்தது. மேலே கறுப்பு மையில் "ஜெறோம்" என்று பெரிதாக, அதன் கீழே "மகள் திரேசா" என்று. மூன்றாவது வரி நீலப் பேனையால் சின்ன எழுத்தில். ரசீதிலுள்ள பெயர் ஜெறோம் இல்லை என்பதும் அப்போதே தெரிந்தது. ஒரு பேஸ் நாலு கை மாறும், பழைய சொந்தக்காரனாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முன்னால் ஒரு கோயில் பாடகர் குழுத் தலைவர் கம்பி வாங்க வந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். தையல் கடைச் சலீம் நானா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். "வாறேன், வாறேன்" என்று சொல்லிக்கொண்டே மூன்று வரியையும் உரசித் தள்ளினேன். பின்னேரம் வார்னிஷ் பூசி, காய்ந்ததும் பூட்டி, அடுத்த நாள் கண்ணாடிக்குள் தொங்கவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். செருப்பெல்லாம் புழுதி. கையில் ஒரு படம். கல்யாண மேடையில் ஓர் இசைக்குழு நிற்கும் படம். பாட்டுக்காரனின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிந்த ஒருவரை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இவர்தான் அண்ணை. என்ர மனுசன். இவரை இல்லாட்டி இந்தப் பேஸைக் கண்டனீங்களோ?"

வன்னியிலிருந்து சண்டைக் காலத்தில் வந்து முந்தலுக்கு அங்காலே குடியிருந்த குடும்பம். அவள் பெயர் ஜெசிந்தா. கற்பிட்டியில் கல்யாண வீடு, விடிய வந்திடுவன் என்று சொல்லிவிட்டுப் பேஸோடு போன கணவன் திரும்பி வரவில்லை. குழுவில் கேட்டால் அன்றைக்கு அப்படி ஒரு கல்யாணமே இல்லை என்றார்கள். அந்தக் கிழமை ஒரு வள்ளம் போனதாகக் கதை. அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சிலர் கடலில் மூழ்கிவிட்டது என்றார்கள், சிலர் ஏதோ ஒரு தீவில் எல்லாரையும் அடைத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

"அவர் வள்ளத்தில ஏறினவரோ, ஏத்தாமல் விட்டவையோ, இடையில ஏதும் செய்து போட்டவையோ, ஒண்டும் தெரியாது. பேஸைக் கொண்டு வள்ளத்தில ஏறேலாது. எங்கேயாவது குடுத்திருப்பார். அது ஆற்றை கையில வந்ததெண்டு தெரிஞ்சால் அந்த ஆளிட்டக் கேக்கலாம் அண்ணை. அதுதான் கடை கடையாய்த் திரியிறன். ஆரைக் கேட்டாலும் பாட்டுக்காரனை ஞாபகம் இருக்கு, டிரம்ஸ் அடிச்சவரை ஞாபகம் இருக்கு எண்டீனம். இவரை ஒருத்தருக்கும் ஞாபகமில்லை."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்குள் தொங்கிய பேஸில் அவள் பார்வை நின்றது.

"இது அவற்றை மாதிரிக் கிடக்கு."

"கறுப்புப் பேஸ் இந்தக் கரையில நிறையக் கிடக்குது தங்கச்சி."

"உள்ளுக்க தன்ர பேரும் மகளின்ர பேரும் எழுதியிருக்கெண்டு சொன்னவர். நான் ஒரு நாளும் பாத்ததில்லை. கழட்டிக் காட்டுவீங்களோ?"

நீங்கள் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். வள்ளக்காரர் விடயத்தில் யார் பெயர் அடிபட்டாலும் விசாரணை என்று கூட்டிக்கொண்டு போன காலம். விசாரணை என்றால் பேஸைப் பற்றியா கேட்பார்கள்? எங்கிருந்து வந்தாய், எப்போது வந்தாய், ஏன் வந்தாய் என்று தொடங்குவார்கள். களவுச் சாமான் வாங்கினேன், அடையாளத்தையும் அழித்தேன் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒரு ஸ்குரூ கழற்றுகிற நேரத்தில் யோசித்து முடித்தேன். மற்ற மூன்றையும் நிதானமாகக் கழற்றினேன், அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

கழுத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். "பாருங்கோ, ஒரு பேரும் இல்லை."

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அவள் குனிந்து பார்த்தாள். சுத்தமான மரம், புது வார்னிஷ். நிமிர்ந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"அப்ப இது அவற்றை இல்லை. அவற்றை அவரிட்டத்தான் இருக்கு. எங்கேயோ அடிச்சுக்கொண்டு இருக்கிறார் போல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். படத்தைப் பத்திரமாகப் பையில் வைத்தாள். ஏதும் தெரிந்தால் சொல்லச் சொல்லித் தன் போன் இலக்கத்தை ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்தாள். "பெரிய உதவி அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அழுதிருந்தால் அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நம்பிக்கையோடு போகிறவளைக் கூப்பிட்டு நிறுத்த எனக்கு வாய் வரவில்லை.

அன்று பின்னேரம் ரசீதைத் தேடி எடுத்து அந்த இலக்கத்துக்கு நானே போன் எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே விற்ற ஆள் எடுத்துவிட்டார்.

"ஹலோ, யாரு?"

இந்தப் பேஸை யார் தந்தது என்று கேட்கத்தான் எடுத்தேன். வைத்துவிட்டேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை என்னால் கேட்க முடியவில்லை.

கடை பூட்டும்போது சலீம் நானா தன் கடைப் படியில் நின்றார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் துரத்தியபோது மன்னாரிலிருந்து வந்தவர். குடும்பம் கரைத்தீவில். கிழமை முழுக்க இங்கே தைத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்கு வீட்டுக்குப் போவார். அவர் என்னோடு கோபித்துப் பேசி நான் கண்டதில்லை.

"மாஸ்டர், நீங்க அந்தப் பேரத் தேய்க்கக்குள்ள நான் பக்கத்துலதான் நிண்டேன்."

"நானா, உங்களுக்கு விளங்காது. பொலிஸ், விசாரணை எண்டு வந்தால் ஆர் என்னைப் பாக்கிறது?"

"விளங்காமலா? சண்ட முடிஞ்சி ஊருக்குப் போனேன். எங்கட வூட்டுக் கதவு இன்னொரு வூட்டுல நிக்கிது. புள்ளைகள்ட உசரத்துக்கு எங்கட வாப்பா கோடு கீறி வெச்ச கதவு. பெயின்ட் அடிச்சிட்டாங்க. எண்ட கதவுண்டு சொல்ல என்னட்ட என்ன இருக்கு? பேசாம வந்துட்டேன்." பஸ் நிற்கிற பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் புள்ளையும் பேசாமத்தான் போகுது. அல்லாஹ்வுக்காக, கூப்பிட்டுச் சொல்லிருங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளைக்கு வர ஒன்பது நாள் எடுத்தது. பேஸை உள்ளே கொண்டுபோய் அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். அதைக் காணாவிட்டால் மறந்துவிடும் என்று நினைத்தேன். பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும் அவளோ என்று பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் துண்டை எடுத்து அவளுக்குப் போன் பண்ணினேன். வந்தாள். கதிரையில் உட்கார வைத்து, பேஸை மேசையில் போட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கியது, கழற்றியது, ஜெறோம் என்று இருந்தது, மகள் திரேசா என்று இருந்தது, உரசியது, அவளுக்குக் காட்டியது. அவள் அழவில்லை, ஏசவும் இல்லை.

"அண்டைக்குப் பிறகு நான் கடையளில தேடுறதை விட்டிட்டன்" என்றாள். "கற்பிட்டியில ஹோட்டல் ஹோட்டலாய்ப் போய்ப் பாட்டு நடக்கிற இடங்களில நிண்டு பாத்தனான். ஒன்பது நாளும்."

பிறகு ரசீதிலிருந்த இலக்கத்தைக் கேட்டாள். அவளே போன் எடுத்தாள். இயங்கவில்லை என்று ஒரு குரல் மூன்று மொழியிலும் சொன்னது. மறுபடி எடுத்தாள். நான் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முதலில் வந்த அன்றைக்கு நான் எடுத்துப் பேசாமல் வைத்த போன்தான் அந்த ஆளை உசார்ப்படுத்தியதோ என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவளிடம் அதையும் சொன்னேன். "ஓம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் இருவரும் பொலிஸுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். நான் பயந்த கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. பேஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது உங்கள் கணவருடையது என்பதற்கு என்ன அடையாளம் என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். இல்லாத எழுத்தை எப்படிப் பதிவது என்று அவர் கேட்டார். அவரில் குற்றம் இல்லை. ரசீதிலிருந்த பெயரையும் இலக்கத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு பேஸோடு எங்களை அனுப்பினார். அந்தப் பெயரில் அப்படி ஓர் ஆளே இல்லை என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. எதற்குப் பயந்து ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேஸ் அவள் மடியில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர எனக்குச் செய்ய வேறொன்றும் இருக்கவில்லை.

"அண்ணை, உள்ளுக்க எழுதியிருந்ததை அப்பிடியே ஒருக்காச் சொல்லுங்கோ. எப்பிடி எழுதியிருந்தவர்?"

சொன்னேன். மேலே ஜெறோம், பெரிய எழுத்து. கீழே மகள் திரேசா. கறுப்பு மை. கொம்பு கொஞ்சம் சரிந்திருந்தது என்றுகூடச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"ஓம், அவற்றை எழுத்து அப்பிடித்தான் சரியும். அவ்வளவுதானோ?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை ஒளிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"அதுக்குக் கீழ இன்னொரு வரி இருந்தது தங்கச்சி. நீலப் பேனை. சின்ன எழுத்து. மற்ற ரெண்டும் பழசு, அது புதுசு மாதிரிக் கிடந்தது."

"அதில என்ன?"

"வாசிக்கேல்லை."

அவளுக்கு விளங்கவில்லை. நான் சொன்னது காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு முறை கேட்டாள். நானும் இன்னொரு முறை சொன்னேன். முன்னால் ஆள் அவசரப்படுத்தினது, நான் வாறேன் வாறேன் எண்டு உரசினது.

அவள் மடியிலிருந்த பேஸின் தகட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, என்னைக் காப்பாற்ற ஒரு வழி தேடுகிறவள் போலக் கேட்டாள்:

"கண்ணாடி போடாமலோ உரசினனீங்கள்?"

"போட்டுத்தான் இருந்தனான் தங்கச்சி."

பஸ் வந்தது. ஏறிப் போனாள். அதன் பிறகு அவள் என் கடைக்கு வரவில்லை. ஜெறோமைப் பற்றி எந்தத் தகவலும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதற்குப் பிறகு கடையை மூடும் வரைக்கும் நான் ஒரு பெயரையும் அழிக்கவில்லை. தகட்டைக் கழற்றிக் காட்டி, இன்னாருடைய பெயர் இருக்கிறது, விருப்பமென்றால் எடுங்கள் என்று சொல்லித்தான் விற்றேன். வியாபாரம் படுத்துவிட்டது. கிழவனுக்கு விசர் என்றார்கள். இருக்கட்டும். நீங்களும் அழிக்காதீர்கள் என்றுதான் சொல்லுவேன். கேட்பதும் கேட்காததும் உங்கள் பாடு.

ஆனால் ஒன்றை மட்டும் உங்களால் மாற்ற முடியாது, என்னாலும் முடியாது. துருப்பிடித்த ஸ்குரூவில் புதுக் கீறல் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? பேஸைக் கையை விட்டுக் கொடுப்பதற்கு முதல் ஜெறோம்தான் அதைத் திறந்திருக்க வேண்டும். வேறு யார் அங்கே போய் எழுதப் போகிறார்கள்? அவன் தொழில் தெரிந்தவன். அது ஏதாவது ஒரு கடைக்குத்தான் வந்து சேரும், வாங்குகிறவன் அன்றைக்கே தகட்டைக் கழற்றுவான் என்பது அவனுக்குத் தெரியும். எங்கே போகிறான் என்றோ, யாரோடு போகிறான் என்றோ, வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள் என்றோ, என்னவோ ஒன்றை எழுதியிருக்கிறான். பெஞ்சாதிக்கு என்று நினைத்து எழுதியிருக்கலாம். ஆனால் அதை முதலில் திறந்து வாசிக்கப் போகிறவன் ஒரு கடைக்காரன். அவன் அதை என் கையில்தான் தந்திருக்கிறான். நான் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வாசிக்காமல் உரசினேன்.